கற்பூரத்துக்கு முன்னால் கூரையைப் பார்த்தவர்

காந்திமதி போன செய்தி வந்தபோது நான் ஜொகூர் பாலத்தில், நகராத கார்களுக்கு நடுவே எரிச்சலோடு உட்கார்ந்திருந்தேன். அழைத்தவர் அவருடைய தங்கை வசந்தா. "மணியம் அண்ணே, அக்கா போயிட்டாங்க" என்றார். எனக்கு முதலில் அழுகை வரவில்லை. "எங்க வெடிச்சுச்சு?" என்று கேட்டுவிட்டேன். "வெடிக்கலண்ணே. தூங்கினவங்க எந்திரிக்கல. ஹார்ட்டுன்னு டாக்டர் சொல்றாரு." முன்னால் இருந்த கார் நகர்ந்துபோனதை நான் கவனிக்கவில்லை. பின்னால் இருந்தவன் ஹாரன் அடித்தான். கண்ணாடியை இறக்கி அவனைக் கண்டபடி திட்டினேன். பாவம், அவனுக்கு என்ன தெரியும்.

பத்து பகாட் ஊரில் இருந்த எங்கள் பட்டறையில் அவரோடு நின்றவர்களுக்கு என் கேள்வி விசித்திரமாகப் படாது. நாங்கள் எல்லோரும் ஹைட்ரஜனோடு குடும்பம் நடத்தியவர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் செய்தது ஃபியூல் செல். சிலிண்டரில் வரும் ஹைட்ரஜனையும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனையும் உள்ளே சேரவிட்டு மின்சாரம் எடுக்கும் பெட்டி. அதில் நெருப்பு இல்லை, புகை இல்லை. கழிவென்று சொட்டுவது வெறும் தண்ணீர். ஜெனரேட்டரின் டீசல் நாற்றத்துக்கு முடிவு கட்டப்போகிறோம் என்று நான் ஊர் ஊராகப் போய்ப் பேசினேன். விற்பது என் வேலை. செய்வதும், நான் பேசியதில் பாதியைத் திருத்துவதும் காந்திமதியின் வேலை.

எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவர் முதலில் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார். புதிதாக வந்தவர்களிடம், "மேல பாத்தீங்களா?" என்று கேட்பார். சமையல் கேஸ் கசிந்தால் தரையில் படுக்கும், நாற்றம் காட்டிக்கொடுக்கும். ஹைட்ரஜனுக்கு நாற்றமும் இல்லை, நிறமும் இல்லை. அது விறுவிறுவென்று மேலே ஏறும். கூரையில் வழி இருந்தால் போய்விடும், இல்லாவிட்டால் அங்கேயே தங்கிப் பொறிக்குக் காத்திருக்கும். கல்யாண மண்டபத்திலும் அவர் கூரையைப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன். "பொண்ணு கீழ இருக்கும்மா" என்று கிண்டல் செய்தேன். சிரிக்காமல், வென்டிலேஷன் நன்றாக இருக்கிறது என்றார்.

வியாபாரத்துக்கு இப்படி ஒரு எதிரியை நான் பார்த்ததில்லை. ஒருமுறை பஸ் கம்பெனி முதலாளி ஒருவர், தன் பஸ்களை எல்லாம் ஹைட்ரஜனில் ஓட்டும் கனவோடு வந்தார். நான் காப்பி வாங்கி வருவதற்குள் காந்திமதி அவருக்கு எல்லாவற்றையும் விளக்கி முடித்திருந்தார். எங்கே நிரப்புவீர்கள், நிரப்பும் நிலையம் கட்ட யார் வருவார்கள், தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கவே எவ்வளவு கரண்டு போகிறது என்று வரிசையாகக் கேட்டு, இப்போதைக்கு பேட்டரி பஸ் வாங்குங்கள் என்று அனுப்பிவிட்டார். நான் கையில் காப்பியோடு கத்தினேன். "நாளைக்கு வந்து நம்மளதான் திட்டுவாரு, மணியம். இன்னிக்கே நீங்க திட்டிக்குங்க" என்று சொல்லிவிட்டு என் காப்பியையும் எடுத்துக்கொண்டார்.

அப்படியும் ஒரு பெரிய ஆர்டர் வாசல் வரை வந்தது. பண்டார் தெங்காரா பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள் வைத்திருந்த ஒரு கம்பெனி. அதன் மேலாளர் மிஸ்டர் லிம், ஒரு பெட்டியைத் தோட்டத்து வொர்க்ஷாப்பில் ஓட்டிக் காட்டுங்கள், பிடித்திருந்தால் எல்லாத் தோட்டங்களுக்கும் வாங்குகிறேன் என்றார். பட்டறையில் அப்போது வேறு வேலை இல்லை. இது தவறினால் மூட வேண்டியதுதான் என்று எல்லோருக்கும் தெரியும். காந்திமதிக்கும் தெரியும்.

காலையிலேயே பெட்டியை இறக்கி, சிலிண்டர்களை வெளியே கம்பிக் கூண்டில் வைத்து, குழாயை உள்ளே இழுத்து, ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தார். ஒரு குமிழி இல்லை. வால்வைத் திறந்து வைத்துவிட்டு, லிம்மை வரவேற்க நாங்கள் இருவரும் கேட்டுக்குப் போனோம். லிம் வரத் தாமதம். அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.

தோட்டத்தில் புது டிராக்டர் வந்தாலும் லோரி வந்தாலும் பூசை போடாமல் ஓட்டமாட்டார்கள். மண்டோர் முனியாண்டி, அதாவது வேலையாட்களை மேய்ப்பவர், எங்கள் பெட்டிக்கும் பூசைக்கு ஏற்பாடு செய்திருந்தார். லிம்மோடு நாங்கள் திரும்பியபோது பூமாலை, எலுமிச்சை, வாழைப்பழம், உறுமி மேளம் எல்லாம் தயார். பூசாரி தட்டில் கற்பூரத்தை அடுக்கிவிட்டார். எனக்கு உச்சி குளிர்ந்தது. லிம்மும் செருப்பைக் கழற்றிவிட்டு மரியாதையாக நின்றார்.

காந்திமதி கூரையைப் பார்த்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

கூரையின் உச்சியில், காற்றுப் போக விட்டிருந்த திறப்பில் வானம் தெரியவில்லை. சாமி படையலில் மழை ஒழுகுகிறதே என்று, முனியாண்டியின் ஆட்கள் மேலே ஏறி அதைக் கேன்வாஸால் மூடிக் கட்டியிருந்தார்கள். பெட்டியும் வைத்த இடத்தில் இல்லை. சாமி காரியத்துக்குக் கிழக்குப் பார்க்க வேண்டாமா? விளக்கு மின்னும் பக்கம்தான் அதன் முகம் என்று முடிவு செய்து, நாலு பேர் சேர்ந்து திருப்பி வைத்திருக்கிறார்கள். பின்னால் குழாய் முறுக்கிக்கொண்டு நின்றது. காந்திமதியின் இடுப்பில் கசிவு காட்டும் மீட்டர் கத்திக்கொண்டிருந்தது. உறுமிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. பூசாரி லைட்டரைக் கையில் எடுத்தார்.

காந்திமதி கத்தவில்லை. கத்தினால் யாராவது ஓடுவார்கள், எதையாவது தட்டிவிடுவார்கள். பூசாரியின் கை மேல் தன் கையை வைத்து, "சாமி, மொதல்ல வெளிய அம்மனுக்குக் காட்டிட்டு வந்துருவோம். அங்க போயி ஏத்துங்க" என்றார். அவ்வளவு சாந்தமாக. வாசலுக்கு அப்பால் மரத்தடியில் ஒரு சூலம் இருந்தது. பூசாரி தலையாட்டிவிட்டு நடந்தார். மேளம் பின்னால் போனது, கூட்டம் மேளத்தின் பின்னால் போனது, லிம்மும் நனைந்துகொண்டே போனார். எனக்கு மட்டும் விஷயம் புரிந்துவிட்டது. ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியை நிறுத்தலாம் என்று சுவிட்சை நோக்கிக் கை நீட்டினேன். மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"தொடாதீங்க. அதுலயும் பொறி வரும். வெளிய போங்க, மணியம்."

அவர் பின்பக்கம் ஓடி, கூண்டில் வால்வை மூடினார். அவர் சொன்னதும் முனியாண்டி வெளியிலிருந்தே கேன்வாஸ் கயிற்றைப் பாராங் என்னும் வெட்டுக்கத்தியால் வெட்டி இழுத்தார். அதற்குப் பிறகு மழையில் நின்று, மீட்டர் அடங்கும் வரை காத்திருந்தோம். நான் அதுவரை கும்பிடாத சாமியை எல்லாம் கும்பிட்டேன்.

லிம்முக்கு ஒன்றும் தெரியாது. பூசையில் இதுவும் ஒரு சடங்கு என்று நினைத்திருந்தார். அப்படியே விட்டிருக்கலாம். நான் காந்திமதியைக் கண்ணால் கெஞ்சினேன். அவர் நேராக லிம்மிடம் போய், மலாயில், கசிவு ஏற்பட்டது, நகர்த்திய பெட்டியைத் திரும்பச் சோதிக்காதது தன் பொறுப்பு என்றார். முனியாண்டி பெயரை எடுக்கவே இல்லை. எடுத்திருந்தால் அந்த மனிதரின் வேலை அன்றே போயிருக்கும். அதோடு விட்டாரா? உங்கள் ஆபீசுக்கும் வீடுகளுக்கும் இது வேண்டாம், சோலாரும் பேட்டரியும் போதும், அதுதான் மலிவு. வெள்ளத்தில் பாதை அறுந்தால் நாள்கணக்கில் ஆள் போக முடியாத செல்போன் டவர் இருந்தால் சொல்லுங்கள், அங்கே இதற்கு ஈடு இல்லை என்றார். லிம் நனைந்த சட்டையோடு காரில் ஏறிப் போய்விட்டார்.

நான் வீடு வரை காந்திமதியோடு பேசவில்லை. அதற்குப் பிறகும் பல நாள் பேசவில்லை. லிம் கடைசியில் ஒரே ஒரு பெட்டி வாங்கினார், சிகாமட் பக்கம் ஒரு டவருக்கு. பட்டறையை மூடவில்லை, ஆனால் பாதி இடத்தை விட்டுக்கொடுத்தோம். ஒன்றை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா என்று நான் பொரிந்தேன். "அது ஓடட்டும் மணியம். ஓடினா இன்னொருத்தன் வந்து பாப்பான். ஒன்னு வெடிச்சா இந்த ஊர்ல எவனும் கிட்ட வரமாட்டான்" என்றார். அது இன்னும் ஓடுகிறது. பார்க்க வந்தவர்கள் சிலர்தான். வாங்கியவர்கள் அதிலும் சிலர். அவர் போகும்வரை எங்கள் வியாபாரம் இவ்வளவுதான். அவருக்கு இது குறையாகவே தெரியவில்லை என்பதில் எனக்கு இன்றும் கோபம் உண்டு. அந்தக் கோபத்தைக் காட்ட இனி ஆளில்லை என்பதுதான் தாங்கவில்லை.

சிகாமட்டில் இருந்த வீட்டில், காந்திமதியை நடுக்கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். கதவுகளையும் ஜன்னல்களையும் திறந்து வைத்திருந்தார்கள். என் பக்கத்தில் மிஸ்டர் லிம் வந்து நின்றார். தலை நரைத்துவிட்டது. சடங்கு செய்ய வந்த பண்டாரம் தட்டில் கற்பூரத்தை வைத்து, லைட்டரை எடுத்து, வசந்தாவைப் பார்த்து ஏற்றலாமா என்று கேட்டார். வசந்தா அழுதுகொண்டிருந்தார்.

நான் அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். அவரிடமிருந்து எனக்குத் தங்கியது இதுதான். விற்கும் பேச்சு அடங்கவில்லை, முன்கோபம் போகவில்லை, ஆனால் நெருப்பு என்றால் என் கழுத்து தானாக நிமிர்கிறது. பார்வையை இறக்கியபோது, லிம்மும் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார்.

"ஏத்துங்க" என்றேன்.