நாய் பார்த்தது என் முகத்தை

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கீரமங்கலம் பக்கத்தில் இருக்கும் எங்கள் தென்னந்தோப்பில் நடந்தது இது. எனக்கு முன்கோபம் அதிகம். அதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைச் சொல்வது சுலபம்.

தோப்பில் மோட்டார், ஒயர் என்று அடிக்கடி களவு போனதால், ஹாலந்திலிருந்து வந்த காவல் நாய் ஒன்றை ஏஜெண்ட் மூலம் வாங்கியிருந்தேன். அங்கேயே கடிப் பயிற்சி முடித்த நாய். ஆறு மாதத்தில் நம் பேச்சுக்கும் பழகியிருந்தது. பயிற்சி விட்டுப்போகாமல் இருக்க, கையில் தடித்த சணல் உறையை மாட்டிக்கொண்டு திருடன் வேஷம் போட என் மனைவியின் தம்பி மீமிசலிலிருந்து வருவார். கடலுக்குப் போகிறவர். பயம் என்றால் என்னவென்று கேட்கிற ஆள்.

நாய் பாய்ந்து போய் உறையைக் கவ்வும். மறு நொடியே பிடியைத் தளர்த்தி, திரும்பி என்னைப் பார்க்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடல் தாண்டி வந்தது இப்படி ஒரு பயந்தாங்கொள்ளியா என்று கத்துவேன்.

“அது பயப்படல மச்சான். வீட்ல எதையாச்சும் கவ்வுனா நீங்க கத்துறீங்கல்ல, அதான் கடிக்கலாமான்னு ஒங்க மூஞ்சியப் பாக்குது” என்பார் அவர். நான் காதில் போட்டுக்கொண்டால்தானே.

அன்றைக்கு மூன்றாவது தடவையும் அது திரும்பிப் பார்த்தது. ஆத்திரத்தில் அதன் கழுத்துக் கயிற்றை வெடுக்கென்று இழுத்து, “கடி” என்று அலறினேன். நாய் வீறிட்டது. அடுத்த பாய்ச்சலில் அது உறையைப் பிடிக்கவில்லை. உறைக்கு மேலே, தோள் பக்கமாக வெறும் சதையைப் பிடித்துவிட்டது.

எனக்கு உயிரே போய்விட்டது. வலை இழுக்கிற கை அது. அந்தக் கை போனால் அவர் குடும்பம் என்ன ஆகும்? “விடு, விடு” என்று கத்திக்கொண்டே கயிற்றை இழுத்தேன். இழுக்க இழுக்க அது இன்னும் இறுக்கியது. அவர் சட்டையெல்லாம் ரத்தம்.

மண்ணில் சாய்ந்து கிடந்த அவர் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, “இழுக்காதீங்க மச்சான், சதை கிழிஞ்சிரும். ஒங்க சத்தத்துக்குத்தான் இறுக்குது. மெதுவா சொல்லுங்க” என்றார்.

மெதுவாகப் பேச எனக்கு எங்கே தெரியும்? கயிற்றைத் தளர்த்திவிட்டுப் பக்கத்தில் மண்டியிட்டேன். சோறு வைக்கும்போது என் மனைவி அதைக் கூப்பிடுவாளே, அந்தக் குரலை நினைத்துக்கொண்டு, “விட்ரு சாமி, போதும்” என்றேன். அதன் கண் என் பக்கம் உருண்டது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு வாயைத் திறந்தது. அப்படியே என் காலடியில் வந்து சுருண்டு, இருந்த இடத்திலேயே மூத்திரம் போய்விட்டது.

ஆஸ்பத்திரியில் ஊசியும் தையலும் போட்டார்கள். நரம்புக்குச் சேதமில்லை, இரண்டு மாதம் கடலுக்குப் போகக் கூடாது என்றார் டாக்டர். விஷயம் கேள்விப்பட்டு என் மனைவி ஓடி வந்தாள். உள்ளே கிடப்பது அவளுடைய தம்பி. என்ன ஆச்சு என்று கேட்க வாயெடுத்தவள், கேட்காமல் நின்று முதலில் என் முகத்தைப் பார்த்தாள்.

தோப்பில் நாய் பார்த்த அதே பார்வை. கல்யாணமான நாளிலிருந்து அவள் இப்படிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் வாயைத் திறந்திருக்கிறாள் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது.

கை ஆறியதும் மச்சினர்தான் மறுபடி உறையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். நான் இப்போது அதனிடம் கத்துவதில்லை, நாயும் திரும்பிப் பார்ப்பதில்லை. மனைவி இன்னும் சில சமயம் பார்க்கிறாள். என் முகத்தைப் பார்க்காமல் அவள் மனதில் பட்டதைப் பேசிவிடுகிற நாள்தான் எனக்கு நல்ல நாள்.