காலியாகக் கிடந்த கோல் வலை

போன வருஷம் சித்திரை மாதக் கடைசி. காரைக்குடி செக்காலையில் எங்கள் வீட்டு ஹாலில், கத்திரி வெயில் புழுக்கத்தில் வேர்த்து வடிய உட்கார்ந்து, நானும் என் கணவரும் போனில் ஐஸ் ஹாக்கி பார்த்துக்கொண்டிருந்தோம். ஊரில் வேறு எந்த வீட்டிலும் இந்தக் கூத்து நடந்திருக்காது. எங்கள் மகள்தான் இந்தியப் பெண்கள் அணியின் கோல் கீப்பர்.

பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே, குளிர்காலத்தில் லீவு போட்டு லடாக் போய், உறைந்த குளத்தில் பழகியவள். அணியில் எல்லாருமே அப்படித்தான். ஒருத்தி டீச்சர், ஒருத்தி நர்ஸ். ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. முதலில் வெளிநாடு போனபோது கோல் மேல் கோல் வாங்கித் தலை குனிந்து வந்தார்கள். அப்புறம் மெல்ல ஜெயிக்க ஆரம்பித்து, அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பதக்கத்துக்கான ஆட்டம்.

எனக்கோ பதக்கமெல்லாம் கண்ணில் இல்லை. அந்த ஆட்டத்தில் பந்துக்குப் பதில் கல் மாதிரி ஒரு ரப்பர் வில்லை. பொங்கலுக்கு வந்தபோது அது பட்டு அவள் கழுத்து கன்றிப்போயிருந்தது. அதைப் பார்த்ததிலிருந்தே, அடுத்து எங்கே படுமோ என்பதுதான் எனக்கு நினைப்பு.

ஒரு கோல் பின்தங்கியிருந்தார்கள். ஆட்டம் முடியப்போகிற நேரம், வில்லை நேராக அவள் முகமூடியில் அடித்தது. மண்டியிட்டு விழுந்தாள். அந்த நேரம் பார்த்துப் படம் நின்றுவிட்டது. திரும்ப வந்தபோது கோல் வலை காலியாகக் கிடந்தது.

"என்னங்க, பிள்ளையக் காணோம். எங்குட்டுத் தூக்கிட்டுப் போனாகன்னு பாருங்க."

"இரு, பாக்குறேன்" என்றவர் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

மாற்று ஆளைக்கூட நிறுத்தவில்லையே, எவ்வளவு பெரிய அடியோ என்று பதறிப்போனேன். குன்றக்குடி இருக்கும் திசை பார்த்துக் கையெடுத்தேன். "முருகா, எம்பிள்ளைய எந்திரிக்க வச்சிரு. இனிமே அவள அந்த ஐஸ்ல கால் வைக்க விடமாட்டேன்."

சொல்லி வாய் மூடவில்லை, எங்கள் அணி கோல் போட்டது. வெளியே பெஞ்சில் குதித்தவர்களில் ஒருத்தி முகமூடியைக் கழற்றினாள். என் மகள். தோற்கிற நேரத்தில் கோல் கீப்பரை வெளியே எடுத்துவிட்டு, கோல் போட இன்னொரு ஆளை இறக்குவார்களாம். பாவி மனசுக்கு அது தெரியவில்லை. ஆட்டம் சமனானதும் அவள் திரும்ப உள்ளே போய் வந்ததையெல்லாம் தடுக்க, கூடுதல் நேரத்தில் இன்னொரு கோல் போட்டு ஜெயித்தார்கள்.

"அம்மா, பதக்கம்மா. பாத்தீகளா ரெண்டு பேரும்?" என்று போனில் அழுதாள். நான் வேண்டிக்கொண்டதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கிருத்திகைக்குக் குன்றக்குடி மலை ஏறினேன். "அன்னைக்குச் சொன்னது நான் குடுக்கக்கூடிய வாக்கு இல்ல முருகா, அதுக்குப் பதிலா எம்முடிய எடுத்துக்க" என்று மொட்டை போட்டுக்கொண்டேன்.

"ஐஸ் ஹாக்கிக்கு மொட்டை போட்ட மொத ஆளு நீதான்" என்றார் கணவர்.

அவள் இன்னும் ஆடுகிறாள், எனக்கு இன்னும் பயம் போகவில்லை. ஆனால் என் பயத்துக்கு அவள் ஆட்டத்தை நேர்ந்துவிட எனக்கு உரிமை இல்லை என்பது, வளர்ந்த முடியைச் சீவும்போதெல்லாம் ஞாபகம் வருகிறது.