"அடிங்க" என்று கத்தினவர்கள்

எழுபதுகளில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் எங்கள் ஏழு பேருக்கும் ஒரே பெயர்தான்: பாட்டுக் கிறுக்கனுக. கிட்டாரும் டிரம்மும் வைத்த ஒரு மெல்லிசைக் குழு எந்தத் திருவிழாவுக்குப் போனாலும் பின்னாலேயே பஸ் ஏறிவிடுவோம். வீட்டில் வசவு விழும். யார் காதில் வாங்கினது?

குழுவின் கிட்டார்க்காரர் எங்கள் ஊர்க்காரர், எங்கள் உயிர். அவர் மேடையில் கொஞ்சம் சும்மா நின்றால் போதும், "அடிங்க! அடிங்க!" என்று தொண்டை கிழியக் கத்துவோம். கிட்டாரை அடிங்க என்று அர்த்தம். எங்கள் பக்கம் அது எல்லோருக்கும் தெரியும்.

அந்த வருஷம் அவருடைய அப்பா கெடு வைத்திருந்தார். மூணாறு எஸ்டேட் திருவிழாவில் கச்சேரி பிடித்துப்போனால் மற்ற எஸ்டேட்டுகளிலும் கூப்பிடுவார்கள். இல்லாவிட்டால் கிட்டாரைப் பரணில் போட்டுவிட்டு மில் வேலைக்குப் போக வேண்டும். விடுவோமா நாங்கள்? உடுமலைப்பேட்டையில் பஸ் மாறி, மறையூர் வழியாக மலை ஏறினோம்.

சாயந்தரம் கச்சேரி சூடு பிடிக்கிற நேரம் பார்த்து, தொழிற்சங்கத் தலைவர் ஒருவர் வந்து மைக்கைப் பிடித்தார். பிடித்தவர் விடுவதாக இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கிட்டார்க்காரரைப் பார்த்து நான்தான் முதலில் கத்தினேன்: "அடிங்க!" மற்ற ஆறு பேரும் சேர்ந்துகொண்டார்கள்.

எங்கள் வழக்கு தெரியாத தெற்கத்தித் தோட்டத் தொழிலாளர் கூட்டம் மொத்தமும் திரும்பியது. "எவம்லே அது, தலைவர அடிக்கச் சொல்லுதது?" ஒருவன் என் சட்டையைப் பிடித்துவிட்டான். உதை விழும் என்பதுகூடப் பெரிதாகப் படவில்லை. அட பாவி, இந்த மனுஷன் பிழைப்பில் மண்ணை அள்ளிப் போட்டுவிட்டோமே என்றுதான் பயந்தேன்.

கிட்டார்க்காரர் மைக்குக்கு ஓடினார். "ஏனுங்க, விட்ருங்க! கிட்டாரத்தான் அடிக்கச் சொல்றாங்க. அவிய எங்கூர்க்காரங்க!"

தலைவர்தான் முதலில் சிரித்தார். "அப்பம் அடியும்வே, கேப்போம்."

அப்படி அடித்தார் அன்றைக்கு! கைதட்டல் அடங்கவே இல்லை.

கச்சேரி முடிந்து எங்களிடம் வந்தவர் சங்கடத்தோடு தரையைப் பார்த்தே சொன்னார்: "இன்னும் மூணு எஸ்டேட்டுல கூப்புட்ருக்காங்க. ஆனா, உங்களக் கூட்டிட்டு வரக்கூடாதாம்."

கோபம் பொங்கியது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. "நீங்க போங்க" என்றேன்.

அடுத்த கச்சேரிக்கு அவரை வழியனுப்ப ஏழு பேரும் போனோம். அவர் பெட்டிகளை பஸ் மேலே ஏற்றிக் கட்டினோம். எங்களைத் தெரிந்த கண்டக்டர், "ஏனுங்க, ஏறுலீங்களா?" என்றார்.

"இல்லீங்க, காட்டுல களையெடுக்கற சோலி கெடக்குதுங்க" என்று பொய் சொன்னேன். மற்ற ஆறு பேரும் ஆமாம் போட்டார்கள்.