காலி என்று எழுதிய சுவர்

காலை ஆறு பத்து. வேங்கிக்கால் டீக்கடையில் முதலில் கண்ணில் பட்டது தொலைக்காட்சி. சென்னையில் ஒரு சுரங்க ரயில் நிலையத்தின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். “காலி இடமாகக் கிடந்த பகுதியில் எழுந்த நிலையம்” என்றது குரல். டீ ஆறிவிட்டது, எனக்கு ஆறவில்லை.

கடைக்காரர் வேர்க்கடலைச் சட்னிக்குத் தாளித்தார். அந்த வாசனையோடு அந்தக் ‘காலி இடம்’ முழுதாக எழுந்து வந்தது. அங்கே ஒரு சந்து இருந்தது. சந்தில் கஸ்தூரி அக்காவின் மெஸ். அக்காவுக்குச் சொந்த ஊர் அடி அண்ணாமலை, எங்கள் வேங்கிக்காலுக்குப் பக்கம். நான் அப்போது ஒரு பத்திரிகையில் பிழை திருத்துபவன். ஊர்க்காரன் என்ற உரிமையில் மூன்றாம் முறையும் சட்னி கேட்பேன். “பேப்பர்ல தப்பப் புடி தம்பி, என் சட்னிய உடு” என்பார். சாப்பாடு தீர்ந்தால் வாசலில் ‘காலி’ என்ற பலகை தொங்கும்.

சந்தில் இருந்தவர்கள் எல்லாருமே எங்கள் ஊர்ப் பக்கத்து ஆட்கள். பௌர்ணமி என்றால் கதவைப் பூட்டிவிட்டு மலை சுற்ற ஊருக்குப் பஸ் ஏறிவிடுவோம். ரயில் நிலையத்துக்கு இடம் அளக்க வந்தவர்கள் அப்படி ஒரு பௌர்ணமியில்தான் வந்தார்கள். நாங்கள் திரும்பியபோது சுவருக்குச் சுவர் மஞ்சள் பெயின்ட்டில் ‘காலி’.

அக்கா சிரித்தார். “யாருப்பா இது, நான் இல்லாதப்ப சாம்பார் காலின்னு எழுதினது?”

மறுநாள் வந்த அதிகாரி சிரிக்கவில்லை. குடியிருந்தவர்களுக்குத்தான் மாற்றுக் கடை, காலிக் கட்டடத்துக்குக் கிடையாது என்றார்.

“அடுப்பத் தொட்டுப் பாருங்க சார், சுடுது. இதுவா காலி?”

“சர்வே முடிஞ்சிடுச்சும்மா.”

“மலையச் சுத்திட்டு வர்றதுக்குள்ள ஊடு காலியாயிடுமா? அப்படிப் பாத்தா மத்தியானம் உங்க ஆபீஸ்லயும்தான் பாதி நாற்காலி காலி. அங்க போய் எழுதுங்க!”

சந்தே சிரித்தது. அதிகாரி பைக்கை உதைத்துக் கிளம்பிப் போனார். பெயின்ட் அப்படியே இருந்தது.

பூட்டைப் பார்த்தவர்கள் எதிர்த் தெருவில் ஒருவரையாவது கேட்டிருக்கலாம். வாசலில் கழுவிக் கவிழ்த்த அண்டாக்களையாவது பார்த்திருக்கலாம். எங்கள் பத்திரிகையில் ஒரு பெயர் தப்பாக வந்தால் மறுநாள் திருத்தம் போடுவோம். தொலைக்காட்சியில் இவர்களோ ஒரு சந்து முழுவதையும் விட்டுவிட்டு, அதற்கு வரலாறு என்று பெயர் வைத்து, இசையோடு ஒளிபரப்புகிறார்கள்.

மாற்றுக் கடை கடைசிவரை கிடைக்கவில்லை. அக்காவும் கணவரும் கீழ்பென்னாத்தூருக்குப் போனார்கள். அங்கே மெஸ் வைக்கவில்லை. மெஸ் இருந்த இடத்தில் இப்போது நகரும் படிக்கட்டு கீழே இறங்குகிறது.