இறுகிய பிஸ்டன்

அப்போது நான் பினாங்கில் கார் மெக்கானிக். துணிக்கடை முதலாளி காதரின் காரில் எஞ்சின் கெட்டுப்போனது. வேகம் கூடட்டும் என்று, இரும்பு பிஸ்டன்களை எடுத்துவிட்டுப் புதிய அலுமினிய பிஸ்டன்களைப் பொருத்தினேன். அலுமினியம் சூட்டில் அதிகம் விரியும், சிலிண்டருக்கும் பிஸ்டனுக்கும் நடுவே கூடுதல் இடைவெளி விடுங்கள் என்று பெட்டிக்குள் இருந்த தாளில் எழுதியிருந்தது. படித்தும், பழைய அளவே போதும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் முதலாளியையும் ஏற்றிக்கொண்டு ஆயர் ஈத்தாம் மேட்டில் ஓட்டிப் பார்த்தோம். அவருடைய டிரைவர் முனியாண்டி அண்ணன் ஓட்டினார். பாதி ஏற்றத்தில் எஞ்சின் கிறீச்சிட்டு இறுகி நின்றது.

முதலாளி இறங்கி அண்ணன் பக்கம் திரும்பினார். “ரேடியேட்டர்ல தண்ணி ஊத்தலையா நீ?”

“ஊத்தினேன் முதலாளி.”

“பொய் சொல்லாதே. நாளையிலேருந்து வேலைக்கு வராதே.”

அண்ணன் என்னைப் பார்த்தார். “தம்பி, நீ பக்கத்துலதானே நின்னே. சொல்லுலா.”

அவர் தண்ணீர் ஊற்றியதை நான் பார்த்திருந்தேன். ஆனால் வாய் திறக்கவில்லை. அவர் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டு இறக்கத்தில் நடந்தார். வளைவில் மறையப் போகும்போதுதான் எனக்குக் குரல் வந்தது.

“தப்பு என்னுது முதலாளி. பிஸ்டனுக்கு இடம் விடாம மாட்டிட்டேன்.”

முதலாளி நின்றுபோன எஞ்சினை ஒருமுறை பார்த்தார். பிறகு, “போய் அவனைக் கூட்டிட்டு வா” என்றார்.

ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். அண்ணன் கோபப்படவில்லை. “சொல்ல இவ்வளவு நேரமா தம்பி?” என்று மட்டும் கேட்டுவிட்டு என்னோடு மேலே ஏறி வந்தார்.

எஞ்சினை என் செலவில் சரிசெய்தேன். இந்த முறை தாளில் எழுதியிருந்த இடைவெளியை விட்டே பிஸ்டன்களைப் பொருத்தினேன்.