விளம்பரத்தில் சிரித்தவள்

லியோனா லேசில் பயப்படுகிறவள் அல்ல. பள்ளிப் பேருந்து ஓட்டிய காலத்தில், பனி உறைந்து வழுக்கும் மலைச்சாலையில், பின்னால் பிள்ளைகள் காது கிழியக் கத்திக்கொண்டிருக்க, சிரித்தபடியே வண்டியை இறக்கிக்கொண்டு வந்தவள். புருஷன் ஜோ ஒரு நாள் காலையில் காபிக் கோப்பையோடு நாற்காலியிலிருந்து சரிந்தபோதும் குரல் பிசகாமல் ஆம்புலன்ஸுக்கு வழி சொன்னவள். அப்படிப்பட்டவளுக்கு அறுபது தாண்டிய பிறகு ஒரு பயம் பிடித்தது. பேய்க்குப் பயந்தாலும் பரவாயில்லை. அவள் பயந்தது தன்னுடைய சொந்த முகத்துக்கு.

எல்லாம் அவளுடைய சிரிப்பால் வந்த வினை. எங்கள் பள்ளத்தாக்கில் லியோனாவின் சிரிப்பைத் தெரியாதவர் கிடையாது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தலை பின்னால் சாய, கண்ணில் நீர் வரும்வரை போகும். ஈஸ்டருக்கு முன்னால், இறைச்சி தொடாத தவக்கால வெள்ளிக்கிழமைகளில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் மீன் பொரிப்போம். சுற்றுவட்டாரமே வரிசையில் நிற்கும். உருளைக்கிழங்கு தோல் சீவுவது லியோனாவின் வேலை. ஒரு வெள்ளிக்கிழமை பிட்ஸ்பர்க்கிலிருந்து மீன் சாப்பிட வந்த ஒரு பெண், தட்டைக் கீழே வைத்துவிட்டு, "அந்தச் சிரிப்பு யாரோடது?" என்று கேட்டுக்கொண்டு சமையல்கட்டுக்குள்ளேயே வந்துவிட்டாள். விளம்பரக் கம்பெனிக்காரி. அவளுக்கு நடிகை வேண்டாமாம், அசல் முகம் வேண்டுமாம்.

அப்படித்தான் லியோனா யாருடைய வீட்டுத் தோட்டத்திலோ போய் நின்றாள். தக்காளிப் பருவமே இல்லை. செடியில் தக்காளியை நூலால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். மஞ்சள் நாய் ஒன்று. பந்தை எறி, விரல்களை விரி, மூடு, சிரி. பொழுது சாயும்வரை இதேதான். "மருந்து எங்க?" என்று அவள் கேட்டதற்கு, படம் எடுத்தவன் விநோதமாகப் பார்த்து, "அது உங்களுக்கு எதுக்கு?" என்றான். மருந்தின் பெயர் ஒர்வலேன். மூட்டுவாதத்துக்குப் போட்டுக்கொள்ளும் ஊசி. லியோனாவுக்கு மூட்டுவாதம் இருந்ததே இல்லை.

மாலைச் செய்தியின் நடுவே விளம்பரம் ஓட ஆரம்பித்தது. தீயணைப்புக் கூடத்துத் தொலைக்காட்சியில் அவள் முகம் வந்ததும் மேசையைத் தட்டி, விசிலடித்து, ஊரே ஆர்ப்பாட்டம் செய்யும். லியோனாவுக்கும் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்? வீட்டில் தனியாக இருக்கும்போது வந்தாலும் உடனே யாருக்காவது போன் போட்டு, "போடுறான், போடுறான், பாரு!" என்பாள். ஆகவே அவள் சிரித்துக்கொண்டிருக்கும்போது பின்னால் ஒரு ஆண்குரல் விடாமல் என்னவோ சொல்லிக்கொண்டிருந்ததை ஊரில் ஒருவரும் காதில் வாங்கவில்லை. அவளும் வாங்கவில்லை.

"நிஜமாவே கேக்குதா அந்த ஊசி?" என்று ஆட்கள் கேட்க ஆரம்பித்தார்கள்.

"நான் அதைப் போட்டுக்கவே இல்ல. எனக்கு வியாதியே கிடையாது."

"ஆமா ஆமா," என்று கண்ணடித்தாள் டோனா, மீன் பொரிக்கிறவள், லியோனாவின் நாற்பது வருஷச் சிநேகிதி. "அப்படித்தான் சொல்லணும்னு கம்பெனிக்காரன் கையெழுத்து வாங்கியிருப்பான். நான் பாத்தேனே, எப்படி விரலை நீட்டி நீட்டி மடக்குறே!"

கண்ணால் பார்த்த பிறகு காதால் கேட்பதை யார் நம்புகிறார்கள்? மறுத்து மறுத்து வாய் வலித்து, ஒரு நாள் யாரோ கேட்டபோது லியோனா பதில் சொல்லாமல் சிரித்துவைத்தாள். அத்தோடு அவள் ஊசி போடுகிறவள்தான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

அவளுடைய தம்பி பர்னியும் அந்தப் படத்தைப் பார்த்தான். பர்னி ஆற்றில் நிலக்கரிப் படகுகளில் கயிறு இழுத்துக் காலம் தள்ளியவன். கல்யாணம் காட்சி என்று எதுவும் இல்லை. அவனுக்கு இருந்ததெல்லாம், அக்கா வீட்டை ஒட்டிய தன் வீட்டின் பின்னால் மரப்பலகையில் கட்டிய புறாக்கூடும், அதில் குனுகிக்கொண்டிருக்கும் பந்தயப் புறாக்களும்தான். அப்பா விட்டுப்போன கூடு. சில வருஷங்களாக அவன் விரல்கள் கோணி, முடங்கி, ஒரு புறாவை அள்ளிப் பிடிக்க முடியாமல் போயிருந்தது. பழைய டாக்டர் வலிமாத்திரையைக் கொடுத்து, "வயசாச்சுல்ல" என்று அனுப்பிவிடுவார். இவன் கிளினிக்கில் புது டாக்டரிடம் போய், ஒர்வலேன் வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்டான். கொடுத்தார்கள்.

குறை சொல்லக்கூடாது, ஊசி வேலை செய்தது. கோடை முடிவதற்குள் பர்னியின் விரல்கள் விரிந்தன. ஒரு காலையில் இரண்டு கையாலும் ஒரு சாம்பல் நிறப் பெட்டைப் புறாவை ஏந்திக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். கண் கலங்கியிருந்தது. பிறகு, "இந்தப் பேரு டிவில வராம இருந்திருந்தா நான் சாகுற வரைக்கும் எனக்குத் தெரிஞ்சிருக்காது, லியோனா," என்றான். இம்மாதிரி விளம்பரங்களையே தடை செய்ய வேண்டும் என்று பேசுகிறவர்கள் பர்னியின் அந்த முகத்தையும் ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசினால் தேவலை.

அந்த இலையுதிர் காலத்தில், கை வந்துவிட்ட சந்தோஷத்தில், பர்னி புறாக்கூட்டைச் சுத்தம் செய்தான். வருஷக்கணக்காகச் சேர்ந்து இறுகிப்போயிருந்த எச்சத்தையெல்லாம் சுரண்டி, கூட்டி அள்ளினான். தூசி புகையாகக் கிளம்பியதைத் தன் சமையலறை ஜன்னலிலிருந்து லியோனா பார்த்தாள். பார்த்துச் சந்தோஷப்பட்டாள்.

குளிர்காலத்தில் அவனுக்கு இருமல் வந்தது. பிறகு காய்ச்சல். "ஃப்ளூதான், விடு" என்றான். கோழி சூப் வைத்துக்கொண்டு போனாள். காய்ச்சல் விட்டது, திரும்ப வந்தது. இடுப்பில் கால்சட்டை நிற்காமல் பெல்ட்டில் புது ஓட்டை போட்டான். ஊசியை மட்டும் ஒரு தவணைகூடத் தவறவிடவில்லை.

மார்ச்சில் ஒரு மத்தியானம் லியோனா டயர் மாற்ற வண்டியை விட்டுவிட்டு, கடையின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருந்தாள். வேறு ஆள் இல்லை. சுவரில் தொலைக்காட்சி சத்தமாக ஓடியது. அவள் முகம் வந்தது. கத்த ஆளில்லை, கைதட்ட ஆளில்லை. முதல்முறையாக அவள் அந்த ஆண்குரலைக் கேட்டாள். தாலாட்டுகிற மாதிரி இதமான குரல்.

உயிருக்கே ஆபத்தான தொற்றுகள் ஏற்படலாம் என்றது. மரணமும் நேர்ந்திருக்கிறது என்றது. சில பூஞ்சைத் தொற்றுகள் சகஜமாக உள்ள பகுதியில் வசித்திருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், காய்ச்சலோ இருமலோ எடைக் குறைவோ இருந்தால் உடனே சொல்லுங்கள் என்றது. மரணம் என்ற சொல் வந்த அதே நொடியில் திரையில் நாய் அவள்மேல் தாவியது, அவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள்.

வண்டி தயார் என்று கடைக்காரன் வந்து சொன்னது அவள் காதில் விழவில்லை. எப்படி வீடு வந்து சேர்ந்தாள் என்பது அவளுக்கே தெரியாது.

பர்னி புறாக்கூட்டுப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது.

"டேய், பூஞ்சை வியாதி இருக்கிற ஊர்ல இருந்திருக்கியான்னு கிளினிக்ல கேட்டாங்களா?"

"கேட்டாங்களே." இரண்டு வார்த்தைக்கு ஒரு இருமல். "நான் ஈரி ஏரியைத் தாண்டி எங்கேயும் போனதில்லம்மான்னு சொன்னேன். அந்தப் பொண்ணு சிரிச்சிடுச்சு. அதெல்லாம் அமேசான் காடு, ஆப்பிரிக்கா, அந்த மாதிரி ஊருக்குக் கேக்குறது."

"எந்திரி. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"புறாவுக்குத் தீனி..."

"புறா கெடக்கட்டும், எந்திரிடா!"

ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்தவள் டாக்டர் பெல்லினி என்ற ஒல்லியான பெண். அதிகம் பேசாதவள். நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பார்த்தாள், ஊசியின் பெயரைக் கேட்டாள். பிறகு பர்னியைப் பார்த்து, "மிஸ்டர் கோவாச், கோழி, பறவை ஏதாவது வளர்க்கிறீங்களா?" என்றாள்.

"புறா," என்றாள் லியோனா.

டாக்டர் நெஞ்சுப் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவளை வெளியே கூட்டிக்கொண்டு போனாள்.

"எச்சத்துல வளர்ற ஒரு பூஞ்சை இருக்கு. தூசியோட மூச்சுல போகும். இங்க பாதிப் பேருக்குச் சின்ன வயசுலயே போயிருக்கும், உடம்பு அதை அமுக்கி வச்சிடும், தெரியவே தெரியாது. இந்த ஊசி உடம்போட காவலைத் தூங்க வச்சிடுது. மூட்டைத் தாக்குறதே அந்தக் காவல்தான், அதனாலதான் வலி போகுது. அதே காவல்தான் பூஞ்சையையும் தடுத்துக்கிட்டு இருந்தது."

"ஆனா அது வேற ஏதோ ஊர்னுல்ல சொன்னாங்க? ஏதோ பகுதின்னு..."

"இந்த ஊர்தாங்க அது. இந்த ஆறு போய் ஒஹையோ ஆத்துல விழுந்து, அது போற வழி பூரா. விளம்பரத்துல சொல்ற அந்தப் பகுதி நாமதான்."

பிறந்ததிலிருந்து லியோனா மூச்சு விட்டுக்கொண்டிருக்கும் காற்று. திடீரென்று அதை உள்ளே இழுக்கவே பயமாக இருந்தது.

"பிழைச்சிடுவானா?"

"மருந்து ஏத்தறோம். லேட்டாத்தான் வந்திருக்கார். சொல்றதுக்கில்ல." டாக்டர் போகத் திரும்பியவள், கோபத்தை அடக்க முடியாமல் நின்றாள். "உலகத்துல அநேகமா எந்த நாட்டுலயும் இந்த மாதிரி மருந்தை டிவில காட்ட விடமாட்டாங்க. இங்க ஆளுங்க வியாதியைச் சொல்லிக்கிட்டு வர்றதில்ல, மருந்துப் பேரைச் சொல்லிக்கிட்டு வர்றாங்க. யாரோ ஒருத்தி நாயோட விளையாடுறா, அதைப் பாத்துட்டு."

அந்த ஒருத்தி நான்தான் என்று சொல்ல லியோனாவுக்கு நா எழவில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் எப்படிப் போயின என்று கேட்டால், பயந்து பயந்து போயின. போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். புறாக்களைப் பட்டினி போட மனசு வராமல், முகத்தில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி தீனியை வீசிவிட்டு ஓடிவருவாள். பந்தயத்தில் ஜெயித்த அந்த அழகான பறவைகள் இறக்கையை அடித்தாலே அவள் இரண்டு எட்டு பின்னால் போனாள். விளம்பரத்தை நிறுத்தச் சொல்லிக் கம்பெனிக்கும் போன் செய்தாள். அதை முடிவு செய்வது தாங்கள் இல்லை என்று ஒருவன் தேன் ஒழுகப் பேசிவிட்டு வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை கூடத்துக்குப் போனாள், கூட்டத்தில் இருந்தால் தேவலை என்று. மேசைகள் தட்டப்பட்டன, அவள் முகம் வந்துவிட்டது. டோனா கரண்டியோடு திரும்பி, "எனக்கும் முட்டி ரெண்டும் போச்சுடி. திங்கக்கிழமை டாக்டர்கிட்ட உன் ஊசியைத்தான் கேக்கப்போறேன்," என்றாள்.

"கேக்காதே! என் தம்பி அதனாலதான் சாகக் கெடக்குறான்!"

கூடம் அடங்கியது. ஆனால் அந்த அமைதியிலும் டோனா அவளைப் பார்த்த பார்வையில் பரிதாபம்தான் இருந்தது, நம்பிக்கை இல்லை. பாவம், தம்பி கவலையில் என்னவோ பேசுகிறாள் என்கிற பார்வை. மேலே திரையில் இன்னொரு லியோனா சிரித்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் அவளைத்தான் நம்பினார்கள்.

ஈஸ்டர் நெருங்கும்போது பர்னிக்குக் காய்ச்சல் இறங்கியது. நிஜமாகவே இறங்கி, இறங்கியபடியே நின்றது. லியோனா ஓடினாள். தலையணையில் சாய்ந்து, எலும்பும் தோலுமாக, ஆனால் கண்ணில் உயிரோடு இருந்தான். அவள் கட்டிலோரத்தில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுது தீர்த்தாள்.

"புறா எப்படி இருக்கு?"

"கொழுத்துக் கெடக்கு."

அவன் போர்வையிலிருந்து கையை எடுத்துக் காட்டினான். விரல்கள் மறுபடியும் மடங்கிக்கொண்டிருந்தன.

"ஊசியை நிறுத்திட்டாங்க, பாத்தியா? இந்த டாக்டரம்மா இனிமே தொடவே கூடாதுங்குறா. வீட்டுக்கு வந்ததும் அந்தக் கிளினிக்லயே போய்க் கேட்டு வாங்கிடலாம். நீ கூட வந்து சொல்லு."

"டேய் பர்னி! செத்துப் பொழச்சிருக்கேடா!"

"எனக்கு ஏதோ கெட்ட நேரம், அவ்வளவுதான். நீயும்தான் போட்டுக்குறே. உனக்கு ஒண்ணும் ஆகலையே?"

லியோனாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஊர் நம்பியது சரி. இவன் ஒரே வயிற்றில் பிறந்தவன், ஒரே தட்டில் தின்றவன், ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவள் மூட்டை மூட்டையாகக் கிழங்கு சீவுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

அவள் தன் இரண்டு கைகளையும் அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். தடித்த, சிவந்த, ஒரு கோணலும் இல்லாத விரல்கள்.

"நல்லா பாரு. இந்தக் கைக்கு என்னிக்காவது வலி வந்திருக்கா? நான் ஊசியும் போட்டுக்கல, ஒரு மண்ணும் போட்டுக்கல. அந்த மருந்து எப்படி இருக்கும்னுகூட உன் வீட்டு ஃபிரிட்ஜ்லதான் முதல்ல பாத்தேன்."

பர்னி கைகளைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். முகத்திலிருந்து ஏதோ ஒன்று மெல்ல இறங்கிப்போனது.

"அப்ப ஏன் லியோனா, அவ்வளவு சந்தோஷமா சிரிச்சே?"

"உள்ளங்கையில வேர்க்கடலை வெண்ணெய் தடவிவிட்டாங்கடா," என்றாள். "நாய் நக்குச்சு. கிச்சுகிச்சு மூட்டுற மாதிரி இருந்துச்சு."