உயிரோடு இருக்கும் மாட்டைப் பதிவு செய்ய முடியாது

வாஷியில் ஒரு கால் சென்டரில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். செத்த மாடுகளைப் பதிவு செய்வது என் வேலை. தமிழ்நாட்டில் காப்பீடு செய்த மாடு செத்தால், மாட்டுக்காரர் எங்களைத்தான் கூப்பிடுவார். தாராவியில் பிறந்து வளர்ந்த நான் ஒரு மாட்டைத் தொட்டதுகூடக் கிடையாது. தமிழ் பேசுவேன் என்று எடுத்துக்கொண்டார்கள். படிக்கத் திணறுவேன் என்பதால் சொல்ல வேண்டியதை ஆங்கில எழுத்தில் அடித்துக் கொடுத்திருந்தார்கள்.

செத்த பிறகு கூப்பிடுகிறவர்களோடு பழகிவிட்டது. சாவதற்கு முன்பே கூப்பிடுகிறவர்கள்தான் என் தூக்கத்தைக் கெடுத்தார்கள். "கீழ கெடக்குதும்மா, எந்திரிக்க மாட்டேங்குது, என்ன செய்ய?" என்பார்கள். எங்களிடம் ஒரே பதில்தான்: இறந்த பிறகு கூப்பிடுங்கள், ஐயா. சொல்லும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

ஆறே மாதத்தில், மாட்டு டாக்டருக்குப் படிப்பது என்று முடிவு செய்தேன். அம்மா சிரித்தாள். "ஏட்டி, நாயக் கண்டாலே தெரு மாறிப் போற. நீ மாட்டுக்கு ஊசி போடப் போறியாக்கும்?" நாய் வேறு, மாடு வேறு என்று கத்தினேன்.

உண்மையில் குறுக்கே நின்றது மார்க். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து நாற்பத்து நாலு சதவீதம். ஐம்பது இல்லையென்றால் நீட்டில் எவ்வளவு வாங்கினாலும் குப்பைதான். ஆகவே இருபத்து மூன்று வயதில், சீருடைப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து பன்னிரண்டாம் வகுப்பை மறுபடி எழுதினேன்.

குர்லாவில் வண்டி மாறி ஏறினால் வாஷிவரை நேரம் என்னுடையது. லேடீஸ் பெட்டியில் நின்றபடியே செம்பூர் வருவதற்குள் ஒரு கணக்கு, கோவண்டிக்குள் இன்னொன்று. யாராவது தோளில் இடித்தால் சண்டைக்குப் போவேன். ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் வகுப்பு. சர்ச் ஆராதனைக்கு வரவில்லை என்று அம்மா செவ்வாய்வரை முகம் கொடுத்துப் பேசமாட்டாள். அந்த நாட்களில் எதையும் நிதானமாகச் செய்ததாக நினைவில்லை. சாப்பிட்டதுகூட நின்றுகொண்டுதான்.

நாற்பத்து நாலு ஐம்பத்து மூன்றானது. நீட் முதல் தடவை ஊற்றிக்கொண்டது, இரண்டாம் தடவை சுமார். முதல் பட்டியலில் என் பெயர் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. கடைசிப் பட்டியல் ஒரு வேலை நாளில் வந்தது. எங்கள் தளத்துக்குள் போன், பேனா, காகிதம் எதுவும் கொண்டுபோகக் கூடாது, எல்லாம் லாக்கரில். அன்று வயிற்று வலி என்று சொல்லி மூன்று தடவை லாக்கருக்குப் போய் வந்தேன். நாலாவது தடவை என் பெயர் இருந்தது. லாத்தூர் பக்கம் ஒரு கல்லூரி, மூன்று நாளில் போய்ச் சேர வேண்டும். லாக்கர் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதேன். அவ்வளவு சந்தோஷம்.

எங்கள் டீம் லீடர் டோம்பிவிலியிலிருந்து வரும் தமிழ்க்காரர். "நோட்டீஸ் பீரியட் ஒரு மாசம் இருக்கே, தெரியாதா?" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, சலோ. இன்னிக்கு ஷிப்ட முடிச்சுக் குடு. மேல நான் பேசிக்கறேன்" என்றார்.

ஐந்தரை மணி வாக்கில் ஒரு அம்மா கூப்பிட்டார். மாடு நேற்று கன்று போட்டதாம். மத்தியானத்திலிருந்து எழவில்லை, காதெல்லாம் சில்லென்று இருக்கிறதாம். அடித்துக் கொடுத்திருந்ததைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"உடனே டாக்டரக் கூப்பிடுங்கம்மா. கன்னு போட்ட மாட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து எறங்கிரும். ஊசி போட்டா எந்திரிச்சிரும்."

"நீ மாட்டு டாக்டராம்மா?"

"இல்லம்மா, படிக்கப் போறேன். இன்னைக்குத்தான் எடம் கெடச்சிருக்கு." வீட்டுக்குக்கூட நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை. பெருமை குரலில் வழிந்தது.

"எத்தன வருசப் படிப்பு?"

"அஞ்சர வருசம்."

"நல்லாப் படி கண்ணு" என்றார். "எங்க டாக்டரு லீவுல போயிட்டாரு. இப்ப யாரக் கூப்புடறது, அதச் சொல்லு."

எனக்குத் தெரியவில்லை. எங்கள் கம்ப்யூட்டரில் வெளி இணையம் திறக்காது. "இருங்கம்மா" என்று ஹோல்டில் போட்டுவிட்டு லாக்கருக்கு ஓடினேன். அவசரத்துக்கு மாட்டு டாக்டர் வரும் நம்பர் ஒன்றைத் தேடிப் பிடித்து, வாய்க்குள் சொல்லிக்கொண்டே திரும்பி ஓடிவந்தேன். லைன் போயிருந்தது. கூப்பிட்டவர்களின் நம்பர் எங்கள் திரையில் தெரியாது, திரும்பக் கூப்பிடவும் வழியில்லை. ஷிப்ட் முடியக் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அந்த நம்பரை மறந்துவிடாமல் முணுமுணுத்துக்கொண்டே, அவராக இருக்கும் என்று ஒவ்வொரு அழைப்பையும் முதல் மணியிலேயே எடுத்தேன். நாலு வந்தன. நாலும் செத்த மாடுகள்.